அண்ணனுக்குக் காற்றாடி, தம்பிக்கு விளக்கு

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் இன்னும் நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர் குரல் செய்தி போட்டிருந்தார். "புஷ்பாக்கா, ஒரு கித்தார் ஆம்ப் வந்திருக்கு. காலால அமுக்குற சுவிட்சு ரெண்டு இருக்கு. ஆளு அஞ்சு வேணும்ங்கிறாரு. போடலாமா?"

அதன் கீழே ஆளாளுக்குப் படம் வரைந்து அனுப்பிவிட்டார்கள். எந்த ரிலே, எத்தனை முள் சாக்கெட், டையோடை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று எல்லாமே சரியான பதில்கள்தான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த ஆம்ப் எத்தனை பேருக்குச் சொந்தம்?"

அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைக் குரல் செய்தியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் லூனாஸ்காரி. பள்ளி முடிந்ததும் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து ஒன்பது வருடம் சர்க்கியூட் போர்டுக்கு ஈயம் வைத்தேன். ஒரு போர்டுக்கு நான்கு புள்ளிகள். அந்த நான்கு புள்ளிகள் கடைசியில் எந்தச் சாமானுக்குள் போய் உட்காருகின்றன என்பது ஒன்பது வருடமும் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி பீடோங்குக்கு வந்த பிறகு, மோட்டார் சைக்கிள் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் ஒரு கதவில் இப்படி எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்: "ஈயம் வைக்கத் தெரிந்த ஆள் தேவை. பேசத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை." உள்ளே போனேன். இருபத்தாறு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

கடைக்காரர் இராஜரத்தினம் சார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். வீடு அலோர் ஸ்டாரில். அரசாங்கத்தில் டெலிபோன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு பீடோங்குக்கு வருவார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. பக்கத்தில் கோழி வெட்டிக்கொண்டிருப்பார்கள், இவர் டையோடு கதவைத் திறப்பார். ஆம்ப்ளிஃபையரைத் திறக்கும்போது மட்டும் டையின் நுனியைச் சட்டையின் இரண்டாவது பித்தானுக்கும் மூன்றாவது பித்தானுக்கும் நடுவில் செருகிக்கொள்வார். டை உள்ளே போய்விட்டால் கடையில் யாரும் பேசக்கூடாது.

சாருடைய முறைகள் இரண்டு. முதலாவது, புத்தகம். ஒரு தடித்த நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருப்பார். வந்தவர் சொன்னது, நாம் கண்டது, நாம் செய்தது. வந்தவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். 'சத்தம் சரியில்லை' என்று நான் சுருக்கி எழுதினால் கோபம் வந்துவிடும். "பிள்ளை, அவர் என்ன சொன்னவர்?" என்பார். "தகரக் கொட்டகையில மழை பெய்யிற மாதிரி இருக்குதுன்னாரு சார்." "அப்ப அதை எழுதும். வியாதி அதிலதான் இருக்கு."

இரண்டாவது, கை. பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்குள் நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். பிறகு ஒரு ரெசிஸ்டரை நீளமான பிடியில் கட்டி, கப்பாசிட்டரின் காலில் வைத்து இருபது எண்ண வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை பார்க்க வேண்டும். இவ்வளவும் வலது கையால். இடது கை சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும், இரண்டு கையும் ஆம்ப்ளிஃபையருக்குள் போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். நான் வேலைக்குப் போன முதல் நாள் சுடிதாரில் பை இல்லை. "பையில்லாத உடுப்போட இந்த மேசைக்கு வராதேயும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே என்னுடைய எல்லாச் சட்டைகளுக்கும் இடது பக்கம் ஒரு பை தைத்தேன்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது எழுதாத சட்டம். ஒரு வாடிக்கையாளர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. டெலிபோனில் வேலை பார்த்தவர் அல்லவா, அது அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. "வயருக்குள்ள போறதைக் கேக்கிறவன் மெக்கானிக் இல்லை" என்பார்.

இந்தச் சட்டம்தான் என்னை மாட்டிவைத்தது.

பீடோங்குக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்ணன் தம்பி மாணிக்கமும் சுந்தரமும். இருவரும் சேர்ந்து ஓர் இன்னிசைக் குழு வைத்திருந்தார்கள். அண்ணன் கித்தார், தம்பி பேஸ் கித்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வாரம் தவறாமல் வாசிப்பு. இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆறு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் குழுவையும் விடவில்லை, சேர்ந்து வாங்கிய அந்த ஆம்ப்ளிஃபையரையும் விடவில்லை. அதில் இரண்டு சேனல். ஒன்றில் அண்ணன் செருகுவார், மற்றதில் தம்பி. அதோடு வந்த கால் சுவிட்சுப் பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று அண்ணனின் கித்தாரைக் கரகரப்பாக்கும். மற்றது எதிரொலி.

முதலில் வந்தவர் அண்ணன். ஒரு திங்கட்கிழமை ஆம்ப்ளிஃபையரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, தனியா வாசிக்கும்போது என் சத்தம் மேல வரமாட்டேங்குது. காலால அமுக்குனா ஏறணும். ஒரு பொத்தான் போடுலா."

நியாயமான வேலை. மின்சாரத்தால் மூடித் திறக்கும் ரிலே ஒன்றை வைத்து, மூன்றாவது பொத்தானைப் போட்டு, 'சோலோ' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் வியாழக்கிழமை அதே ஆம்ப்ளிஃபையர் திரும்பி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது தம்பி.

"அக்கா, அவருக்கு மட்டும் ஏறுது. எனக்கும் ஏறணும்."

நான்காவது பொத்தான், 'பேஸ்'. இதுவும் நியாயம்தான். அடுத்த வியாழக்கிழமை சுந்தரம் மறுபடி வந்தார். இந்த முறை கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேசினார்.

"அக்கா, அவரோட சத்தத்தைப் பாதியா குறைக்கிற மாதிரி ஒரு சுவிட்சு வேணும். அவருக்குத் தெரியக்கூடாது."

"பொத்தான் பெட்டி ரெண்டு பேருக்கும் நடுவுலதானே இருக்கு. புதுசா ஒண்ணு இருந்தா பார்க்க மாட்டாரா?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தார். "காத்தாடின்னு எழுதிருங்க. நெசமாவே ஒரு சின்னக் காத்தாடியும் மாட்டிருங்க. அவருக்கு வேர்க்கும்."

நோட்டில் அவர் சொன்னபடியே எழுதி சாரிடம் காட்டினேன். சார் இரண்டு முறை படித்தார்.

"காத்தாடி சுத்துமோ?"

"சுத்தும் சார்."

"அப்ப எழுதியிருக்கிறது பொய்யில்லை. செய்யும்."

ஒரே ரிலேக்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்றில் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்னக் காற்றாடியை இணைத்தேன். மற்றதில் ஒரு ரெசிஸ்டர், அது அண்ணனின் சத்தத்தில் பாதியைத் தரைக்குத் தள்ளிவிடும். வேலை சுத்தமாக வந்தது. பொத்தானை அமுக்கினால் காற்று வரும், கித்தார் போகும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சுந்தரத்துக்கு அந்தப் பொத்தானை ஒரு நாளும் தொட வேண்டிய தேவையே வரவில்லை. மாணிக்கத்துக்குக் காற்றாடி பிடித்துப்போய்விட்டது. வேர்க்கிற பகல் வாசிப்பில் மேடையில் ஏறியதும் முதல் வேலையாக அவரே அதை அமுக்கினார்.

மூன்று வாரம் கழித்து மாணிக்கம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"தங்கச்சி, வெயில் வந்தா என் சத்தம் எறங்குது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சாயந்தர வாசிப்புன்னா நல்லா இருக்கு. மத்தியானம் வாசிச்சா பாதிதான் வருது. ஆம்புக்கு வெயில் ஆகாதோ?"

நான் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு எழுதினேன். 'வெயில் வந்தால் சத்தம் இறங்குகிறது.' நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். சார் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் நேரத்துக்கென்று இன்னொரு ஏற்றும் பொத்தான் போடச் சொன்னார் மாணிக்கம். போட்டேன். அவரே பெயரும் வைத்தார், 'வெயில்'. போகும்போது வாசலில் நின்று, "தம்பிக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. நோட்டைப் பார்த்து வாசிக்கக் கஷ்டப்படுறான். அவனுக்கு ஒரு சின்ன லைட்டு போட முடியுமா?" என்றார்.

ஆறு வருடம் பேசாத மனிதர்! "தாராளமா போடலாம் அண்ணே" என்றேன்.

"அந்த லைட்டு எரியும்போது அவனோட பேஸ் கொசு மாதிரி கேக்கணும். முடியும்தானே?"

முடிந்தது. ஒரு சின்னக் கப்பாசிட்டர் போதும், அடிச்சத்தம் எல்லாம் வடிந்துவிடும். ஏழாவது பொத்தானில் 'விளக்கு' என்று எழுதினேன். சுந்தரம் அன்றிலிருந்து விளக்கில்லாமல் வாசிப்பதில்லை. அடுத்த மாதம் வந்து, "அக்கா, எனக்குக் காது மந்தமாகுதோ என்னமோ. என் பேஸே எனக்குக் கேக்க மாட்டேங்குது. டாக்டர்ட்ட போகணுமா?" என்று கேட்டார்.

போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சுங்கை பட்டாணிக்குப் போய்க் காதைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்.

இப்படியிருக்கும்போது அவர்களுடைய ஒரே தங்கை ராணியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமன்கள் இருவரும் வாசித்தே தீர வேண்டும் என்று ராணி சொல்லிவிட்டார். மண்டபத்தில் மேடை பெரியது. அண்ணன் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலும் உட்காருவது என்று ராணிதான் ஏற்பாடு செய்தார், நடுவில் மணவறை. இப்போது பொத்தான் பெட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் இருவரும் கடைக்கு வந்தார்கள். முதல் முறையாக ஒரே நேரத்தில். பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் மட்டும் பேசினார்கள். சார் அன்று இல்லை. கண்ணில் ஆபரேஷன் செய்து அலோர் ஸ்டாரில் வீட்டோடு இருந்தார்.

"காத்தாடி பொத்தான் யாருக்கு?" என்றேன்.

"அவருக்கே குடுத்துருங்கக்கா" என்றார் சுந்தரம் உடனே. "வேர்க்குற உடம்பு."

மாணிக்கத்தின் முகம் மாறியது. தம்பி இவ்வளவு இறங்கி வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அப்ப லைட்டு பொத்தான் அவன்ட்டயே இருக்கட்டும்" என்றார். "கண்ணுதான் முக்கியம்."

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுந்தரம் கண்ணாடியைத் துடைத்தார். சொத்துப் பிரிப்பதில் இத்தனை பெருந்தன்மையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நான் ஈய டப்பாவைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

பெட்டியைப் பிரித்தேன். அண்ணன் பக்கம் நான்கு பொத்தான், தம்பி பக்கம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து மீட்டர் வயர் வேண்டும். தவறு நடந்தது இங்கேதான், அது என்னுடைய தவறு. இந்த மாதிரி நீளத்துக்கு, வெளியிலிருந்து எதுவும் ஏறாமலிருக்க மேலே உலோகப் பின்னல் போட்ட வயர்தான் போட வேண்டும். அது கடையில் இல்லை. வரவழைத்தால் நான்கு நாள். அலமாரியில் சாருடைய பழைய டெலிபோன் வயர் ஒரு சுருள் இருந்தது. பின்னல் கிடையாது. பொத்தானுக்குத்தானே, பாட்டா அதில் போகிறது என்று நினைத்தேன். போட்டேன். கடையில் வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் பக்கத்தில் கோழிக்கடைதான் இருந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பனை ஆலை இருந்தது.

கல்யாணத்தன்று நானும் போயிருந்தேன். நல்ல வெயில். மண்டபத்தில் பொத்தான்களுக்கெல்லாம் வேலை வந்துவிட்டது. மாணிக்கம் காற்றாடியை அமுக்கினார், சத்தம் பாதியானது. 'வெயில்' அமுக்கினார், போதவில்லை, 'சோலோ'வையும் அமுக்கினார். அந்தக் கோடியில் சுந்தரம் விளக்கைப் போட்டார், கொசு ரீங்காரம் வந்தது. 'பேஸ்' அமுக்கினார், பெரிய கொசு வந்தது. மேடைக்கு வெளியே இருந்தவர்கள் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அங்கே நடப்பது தெரியும். ஏற்றும் பொத்தான் எல்லாம் ஏறியிருக்கிறது, இரண்டு பக்கமும் பதினைந்து மீட்டர் வயர் கையை விரித்துக்கொண்டு கிடக்கிறது. லேசான இரைச்சல் கேட்டதுமே ஆம்ப்ளிஃபையரைத் திரும்பிப் பார்த்தேன்.

மாப்பிள்ளையை மாலையோடு வாசலிலிருந்து அழைத்து வந்தார்கள். அலோர் ஸ்டார் குடும்பம். ஒரு முழு பஸ்ஸில் வந்திருந்தார்கள். பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. மாப்பிள்ளை முதல் படியில் கால் வைத்தார்.

ஆம்ப்ளிஃபையர் மலாயில் பேசியது.

"புவா பூசுக்! தோலாக் பாலிக்!"

அழுகின பழம், திருப்பி அனுப்பு. மண்டபத்தில் இருந்த நானூறு பேருக்கும் அர்த்தம் தெரியும். குரல் அவ்வளவு தெளிவு. மாப்பிள்ளை தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா வரிசையை விட்டு முன்னால் வந்தார். "யாரு அது? எங்க பையன அழுகின பழம்னு சொல்றதுக்கா அலோர் ஸ்டார்லேருந்து பஸ் புடிச்சு வந்தோம்?"

"நான் ஒண்ணும் சொல்லல லா!" என்று கையைத் தூக்கினார் மாணிக்கம். "அந்தக் கோடில இருக்கிற ஆளக் கேளுங்க. அவர்தான் பெட்டில என்னமோ வெச்சிருக்காரு."

"நானா?" என்று எழுந்தார் சுந்தரம். "இங்க ஏழு பொத்தான்ல நாலு யாரு கிட்ட இருக்குன்னு கேளுங்க!"

ராணி மேடையின் ஓரத்தில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மகள் கல்யாணத்துலகூடவா?" என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மேடைக்கு ஓடினேன். மைக்கைக் கையில் எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஐயா, யாரும் சொல்லல. பக்கத்துல பனை ஆலை இருக்கு. பழ லோரி வந்தா, நல்ல பழமா இல்லையான்னு பார்த்து வாக்கி டாக்கில சொல்லுவாங்க. அது இந்த வயர்ல ஏறிக்கிச்சு. வயர் மாத்திப் போட்டது நான். மன்னிச்சிருங்க."

"வயர் பேசுமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "யார்கிட்ட கதை விடுறீங்க?"

பஸ்ஸில் வந்தவர்களில் சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். நான் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் போய் வயரைப் பிடுங்கக் கை வைத்தேன். அந்த நிமிடம் அது மறுபடி வாயைத் திறந்தது.

"யாங் இனி ஏலோக்! தெரிமா, தெரிமா! மாசுக்!"

இது நல்லா இருக்கு. ஏத்துக்குங்க, ஏத்துக்குங்க. உள்ளே விடு.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு பஸ்ஸில் வந்த கிழவர் ஒருவர், "லோரிய உள்ள விடுங்கப்பா!" என்றார். மண்டபமே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாதஸ்வரக்காரர் சமயம் பார்த்து எடுத்துவிட்டார். மாப்பிள்ளை படியேறினார். நான் இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

பந்தி முடிந்த பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் அண்ணனும் தம்பியும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வயரைப் பிடுங்கியதும் விளக்கு அணைந்து காற்றாடி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு வாசித்தபோது இருவருக்கும் சத்தம் முழுசாக வந்துவிட்டதாம்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. காத்தாடி பொத்தான் என்ன செய்யும்?"

சாருடைய சட்டம் ஞாபகம் வந்தது. ராணி நின்ற நிலையும் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன். காற்றாடியைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், யார் கேட்டது, என்றைக்குக் கேட்டது, ஒன்று விடாமல் சொன்னேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்து நான் ஒரு அண்டாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஆனால் இருவரும் திரும்பியது என் பக்கம்.

"அவன் கேட்டா நீ போட்டுருவியா?" என்றார் மாணிக்கம்.

"அண்ணன் கேட்டா நீங்க என்கிட்டச் சொல்ல மாட்டீங்களா?" என்றார் சுந்தரம். "நான் காதுக்கு மருந்து ஊத்திக்கிட்டு இருந்தேன்!"

"இவன் காதக் கழுவிட்டு வந்திருக்கான், நீ பார்த்துக்கிட்டு இருந்திருக்க!"

"எங்க அண்ணன் வெயிலுக்குப் பயந்து பகல் வாசிப்பு ரெண்ட வேணாம்னு சொல்லிட்டாரு!"

கால் மணி நேரம் மாற்றி மாற்றித் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். மேடையில்கூட அவர்கள் அப்படித் தாளம் தவறாமல் சேர்ந்ததில்லை. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சார் கறுப்புக் கண்ணாடியோடு டாக்சியில் கடைக்கு வந்தார். நடந்ததைச் சொல்லி, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் வயரைக் கேட்டார். கண் இன்னும் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார்.

"டெலிபோன் வயர்."

"ஆமா சார்."

"முப்பது வருசம் இதோட வேலை செய்தனான். இதுக்குக் காது உண்டு, பிள்ளை." வயரைச் சுருட்டி மேசையில் வைத்தார். "காத்தாடியை நான்தான் செய்யச் சொன்னனான். அது என்ர பிழை. வயர் உம்மட பிழை. ரெண்டு பேரும் நிண்டா கடையை ஆர் பாக்கிறது?" என்றார். டையின் நுனியை எடுத்துச் சட்டைக்குள் செருகினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று பத்து மணிக்கு வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்திருந்தார்கள். எல்லாப் பொத்தானையும் எடுத்துவிட்டு, வாங்கும்போது இருந்த இரண்டை மட்டும் விட வேண்டுமாம். நான் பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை இறக்கி, ரிலேக்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடத்துப் பேச்சு அல்லவா, ஆரம்பத்தில் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. முதலில் சண்டை எதனால் வந்தது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கோயில் திருவிழாவில் தம்பி பாட்டை முன்னாலேயே முடித்ததுதான் காரணம் என்றார் மாணிக்கம். அது தனக்கு ஞாபகமே இல்லை, அண்ணன் தன் டுரியான் மரத்துக் கிளையை வெட்டியதுதான் காரணம் என்றார் சுந்தரம்.

"எந்தக் கிளை?"

"கெணத்துப் பக்கக் கிளை."

"அது இடி விழுந்துலா ஒடஞ்சது!"

இருவரும் வெவ்வேறு சண்டைக்காக ஆறு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். சார் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரோ என்று பார்த்தேன். உதடு மட்டும் கோணியிருந்தது.

கடைசி இரண்டு ரிலேக்களைக் கழற்றப் போகும்போது மாணிக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். "காத்தாடி இருக்கட்டுமே, தங்கச்சி. வெறும் காத்தாடியா."

"அப்ப லைட்டும் இருக்கட்டுங்க்கா. வெறும் லைட்டா" என்றார் சுந்தரம்.

ரெசிஸ்டரையும் கப்பாசிட்டரையும் மட்டும் எடுத்துவிட்டு, காற்றாடியையும் விளக்கையும் விட்டேன். புதிதாகப் பின்னல் வயர் போட்டேன். மாணிக்கம் கித்தாரைச் செருகிக் காற்றாடியை அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முகம் சுளித்தது.

"இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு."

நான் மீட்டரை எடுத்தேன். அளவு முழுசாக இருந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது.

"சத்தமெல்லாம் சரியா இருக்குண்ணே" என்றார் சுந்தரம். "நீ வாசிக்கிறதுதான் கம்மி."

"என்னலா சொன்ன?"

"நெசத்தச் சொன்னேன்."

தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கழன்றிருந்ததால் ஆம்ப்ளிஃபையரைக் கையிலேயே தூக்க வேண்டியிருந்தது. கனமான சாமான். இந்தப் பக்கப் பிடியை அண்ணனும் அந்தப் பக்கப் பிடியைத் தம்பியும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். நடுச்சாலையில் ஒரு முறை நின்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பஸ்காரரையும் இருவரும் சேர்ந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டு, பிடியை விடாமல் வேன் வரைக்கும் போனார்கள்.